கண்காணிப்பாளர் (ஓய்வு), மின்னஞ்சல் பிரிவு

கலெக்டர் ஆபீசில் யார் ரிட்டயர் ஆனாலும் மாலை போட்டு அனுப்பிவிடலாம். தபால் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவரை மட்டும் முடியாது. மாலையோடு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜிமெயிலைத் திறந்து அங்கே சார்ஜ் எடுத்துக்கொள்வார்.

வங்கிக் கடிதமும் பேரன் கடிதமும் செருப்புக்கடைத் தள்ளுபடியும் லாட்டரி விழுந்த சேதியும் ஒரே வரிசையில் கிடப்பதைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கிறது. ‘ஃபில்டர்’ என்று ஒன்று இருப்பது தெரிந்த அன்றே லேபிள்கள் எழும்பிவிடும்: ஆர்.டிஸ்., டி.டிஸ்., எல்.டிஸ். வருவாய்த் துறைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு, டி.டிஸ். என்றால் பல ஆண்டு வைத்திருந்து கழிக்க வேண்டியது, எல்.டிஸ். என்றால் ஓராண்டில் கழித்துவிடலாம். ஸ்பாம் பெட்டியில் விழுந்ததை 30 நாளில் தானாகவே அழித்துவிடும் ஜிமெயிலின் அவசரம் அவருக்குப் பிடிப்பதே இல்லை. “கழிப்பு உத்தரவு யார் போட்டது?” என்பார்.

ஸ்பாமின் பூர்வோத்தரமும் அவருக்கு அத்துப்படி. 1978 மே 3 அன்று டி.இ.சி. என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவு ஆள் கேரி துவெர்க், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தைத் தட்டிவிட்டார். கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள். “அன்னிக்கே ஒரு பதினேழு பி சார்ஜ் மெமோ கொடுத்திருந்தா இன்னிக்கு இந்தக் கதி வருமா?”

ஜவுளிக்கடை பில் கவுன்ட்டரில் இவருக்குப் பின்னால் நிற்பது நம் தலையெழுத்து. ஜிமெயில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் வரும். அதனால் கடைக்கு ஒரு வால் ஒட்டிக் கொடுப்பார். முகவரியை எவன் விற்றான் என்று பிற்பாடு கண்டுபிடிக்கலாமாம்.

“பேருக்கு அப்புறம் ப்ளஸ் போடும்மா. ப்ளஸ்ஸுக்கு அப்புறம் உங்க கடை பேரு.”

“ப்ளஸ் எல்லாம் சிஸ்டம் எடுக்காது சார்.”

“எடுக்கும். நல்லா அழுத்திப் போடு.”

வரிசை நகராது.

விதி எழுதுவதில்தான் அவருடைய முழுத் திறமையும் இறங்குகிறது. ‘லோன்’ என்ற சொல் இருந்தால் எல்.டிஸ்.; ‘ஃப்ரீ’ இருந்தால் எல்.டிஸ்.; ‘ஆஃபர்’ இருந்தால் கேள்வியே இல்லை. பேரனுக்கு வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரைத் தாத்தாவுக்கு ஆசையாக அனுப்பினான். ஆசீர்வாதம் மூன்று வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மருமகள் ‘ஃபீல் ஃப்ரீ’ என்று எழுதிய கடிதத்துக்கும் அதே கதி.

“ரூலே வேணாம் தாத்தா. ‘இது ஸ்பாம்’னு நாலு தடவை அமுக்கினா அதுவே கத்துக்கும்” என்கிறான் பேரன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விதி எழுதுவதை விட்டுவிட்டு, எந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல கடிதத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே போதும் என்று 2002-லேயே புரோகிராமர் பால் கிரஹாம் கட்டுரை எழுதிவிட்டார். ஆனால் கண்காணிப்பாளர் மசிய மாட்டார். “தற்காலிகப் பணியாளர் கையில டெஸ்பாட்ச் செக்‌ஷனை விடறதா?”

ஆஃபர் லெட்டர் சம்பவத்துக்குப் பிறகு நல்லது எதுவும் மாட்டியிருக்குமோ என்ற பயம் அவருக்கு. தினமும் காபியோடு உட்கார்ந்து எல்.டிஸ்.ஸையும் ஸ்பாம் பெட்டியையும் வரி விடாமல் படிக்கிறார். இன்பாக்ஸைப் பார்க்கத்தான் நேரம் இருப்பதில்லை. ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கு இவ்வளவு சிரத்தையான வாசகர் உலகத்தில் வேறு எங்கும் கிடைத்திருக்க மாட்டார். நைஜீரியாவிலிருந்து வரும் கோடீஸ்வர விதவையின் கடிதத்தில் கடித எண் இல்லை, நாள் இல்லை, ‘பார்வை’ இல்லை என்று குறித்துக்கொள்கிறார்.

“அந்தம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம்” என்கிறார் மனைவியிடம்.

“எந்தம்மா?”

“நைஜீரியா. போன மாசம் நாலு மில்லியன் டாலர் தரேன்னு எழுதியிருந்தா. இப்ப மூணரைங்கறா. நடுவுல அந்த அரை மில்லியன் எந்தக் கணக்குல போச்சு?”

அதையும் டி.டிஸ்.ஸில் போட்டு வைக்கிறார். ஆடிட்டில் கேட்டால் காட்ட வேண்டுமே.