இடியரும் பனியரும்: ஒன்ராறியோ ஏரிக்கரைப் புயற்சமயங்கள் பற்றிய ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

ரொறன்ரோவில் கோடை இடிமழை பெரிதா, குளிர்காலப் பனிப்புயல் பெரிதா என்ற பூசல் தீர்ந்தபாடில்லை. பூசலிடுவோர் வானிலை ஆர்வலர்கள். வானிலைத் திணைக்களத்தில் சம்பளம் வாங்காமல், அங்கே சம்பளம் வாங்குபவர்களைவிட அதிக நேரம் ராடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை இக்கட்டுரை அப்பெயரால் சுட்டுகிறது. இவர்கள் இரு சமயத்தார். ஜூலை வெக்கையில் மேற்கு வானம் கறுக்க முகம் மலர்கிறவர் இடியர். ஜனவரியில் தெற்கே தாழமுக்கம் என்று கேட்டதும் சவளை எடுத்து வாசலில் சாத்தி வைப்பவர் பனியர். ஒரே வீட்டில் அண்ணன் இடியராகவும் தம்பி பனியராகவும் இருப்பதுண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் ஆண்டு முழுவதும் யாராவது ஒருவர் துக்கம் காத்துக்கொண்டிருப்பார்.

சமயப் பூசலை விசாரிக்கத் தமிழில் சோதித்துப் பார்த்த முறை ஒன்று உண்டு. சிவஞான சித்தியார் வழியில் அளவை, பரபக்கம், சுபக்கம் என்று பகுத்துக்கொள்வது. உயிருக்கும் கடவுளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த முறை, நேற்று ராத்திரி விழுந்தது 14 சென்ரிமீற்றரா 15 சென்ரிமீற்றரா என்பதையும் தாங்கும் என்று நம்பி அதையே இங்கு கைக்கொள்கிறோம்.

2. ஆய்வெல்லை

ஏரியின் வடகரையில் மிசிசாகா முதல் பிக்கறிங் வரை. தமிழ் வீடுகள் நெருக்கமாக உள்ள ஸ்காபரோவும் மார்க்கமும் இதனுள் அடங்கும். ஏரிக்கு அப்பால் நூறு கிலோமீற்றர் அளவில் கிடக்கும் அமெரிக்க நகரமான பஃபலோ எல்லைக்கு வெளியே உள்ளது. ஆயினும் பொறாமை என்ற தரவுக்காக அது ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

இன்னொரு எல்லையும் சொல்லியாக வேண்டும். 2022 மே 21 அன்று ஒன்ராறியோவின் தென்மேற்கில் தொடங்கிக் கியூபெக் நகரம் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் ஓடிய இடிப்புயல் வரிசை பத்துப் பேருக்குக் குறையாதோரின் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பஃபலோவின் பனிப்புயலில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இவ்விரண்டையும் தராசில் வைத்து எது பெரிது என்று கேட்கும் துணிவு எச்சமயத்தாருக்கும் இல்லை. இருக்கவும் கூடாது.

3. திணைப் பகுப்பு

இடித்திணைக்குப் பெரும்பொழுது முதுவேனில். சிறுபொழுது பின்னேரம் நான்கு மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை. கருப்பொருள்: கோபுரமாக எழும் மேகம், ஆலங்கட்டி, கண்ணாடி ஏற்ற மறந்த கார், கொடியில் காயும் துணி. உரிப்பொருள் ஓடுதலும் ஓடுதல் நிமித்தமும். ஆர்வலர் வாசலுக்கு ஓடுவார். வீட்டார் துணிக்கு ஓடுவார்கள்.

பனித்திணைக்குப் பெரும்பொழுது டிசம்பர் முதல் மார்ச் வரை, சிறுபொழுது நள்ளிரவு. கருப்பொருள்: சவள், உப்பு, பள்ளிக்கூடம் பூட்டு என்ற அறிவித்தல், வீதியைத் தள்ளிக்கொண்டு போகிற பிளவ் வண்டி நம் வாசலில் கட்டிவிட்டுப் போகும் பனி வரம்பு. உரிப்பொருள் இருத்தல். அதுவும் ஒரு நாள் இரு நாள் இருத்தலன்று, வாரக்கணக்கில் இருத்தல். பனிப்புயல் அழைப்பிதழ் அடித்து, பத்து நாள் முந்தியே சொல்லிவிட்டு வரும் கல்யாணம். இடிமழை சொல்லாமல் கொள்ளாமல் பின்னேரத் தேநீருக்கு வந்து நிற்கும் மைத்துனர்.

4. அளவை

காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் கொள்ளும் அளவைகள் மூன்றையும் புயற்சமயங்களும் கொள்கின்றன.

இடியர் காண்டலை நம்புவோர். ரொறன்ரோவுக்கு வடக்கே கிங் சிற்றியில் நிற்கும் ராடார் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் படம் தரும். சிவப்புத் திட்டு ஒன்று மேற்கே மில்ற்றனுக்கு மேலே வந்துவிட்டதென்றால் இடியர் சோற்றுக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவார். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே உள்ள விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். இந்தக் கணக்கைப் பேச்சுக்கு நடுவிலும் உதடு அசையாமல் போட வல்லவரே தீட்சை பெற்ற இடியர்.

பனியர் கருதலை நம்புவோர். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணினி மாதிரி நாளொன்றுக்கு நான்கு தரம் ஓடி, 16 நாள் வரைக்கும் வானத்தைக் கணித்துச் சொல்கிறது. குளிர்காலத்தில் அதன் இரவு ஓட்டம் ரொறன்ரோ நேரம் பத்தரை மணியளவில் வரத் தொடங்கும். ஐரோப்பிய மாதிரிக்கு நள்ளிரவு தாண்டிக் காத்திருக்க வேண்டும். திங்கள் இரவு படத்தில் அடுத்த ஞாயிறு 45 சென்ரிமீற்றர் கிடக்கும். செவ்வாய் அந்தப் புயல் பிற்ஸ்பேர்க் பக்கம் போய்விடும். புதன் கடலுக்குள் போய்விடும். வியாழன் திரும்பி வரும். சனிக்கிழமை மழையாகும். இத்தனைக்கும் வெளியே வானம் ஆறு நாளும் பளிச்சென்று வெயிலடித்துக்கொண்டிருக்கும். விழாத பனிக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் உலகில் வேறெங்கும் இருக்க முடியாது.

உரை என்பது திணைக்களத்தின் எச்சரிக்கை. தென் ஒன்ராறியோவில் நெடுங்காலம் கைக்கொண்ட அளவுகோல்படி, 12 மணி நேரத்தில் 15 சென்ரிமீற்றர் விழுமென்றால் பனி எச்சரிக்கை. இடிமழையானால் மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று, 2 சென்ரிமீற்றர் ஆலங்கட்டி, ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை ஆகிய மூன்றில் ஒன்றாவது வேண்டும். இவ்விடத்தில் ஆய்வாளரின் கவனத்தை ஈர்ப்பது, பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் கிடக்கும் அடிமட்டமும் சரியாக 15 சென்ரிமீற்றர் என்பதே. ஸ்காபரோவில் பல பனியர் அதையே பனிக்குள் குத்திப் பார்க்கிறார்கள். அடிமட்டம் மூழ்கினால் திணைக்களம் வென்றது. தலை தெரிந்தால் தோற்றது.

ஆனால் குத்துவதிலும் விதி உண்டு. வெள்ளை வர்ணம் பூசிய பலகையைத் திறந்த வெளியில் வைத்து, அதில் விழுந்ததையே அளக்க வேண்டும். பலகையைத் துடைப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஆகாது. பனி தன் பாரத்தால் தானே அமுங்கும் பொருள்; மணிக்கொரு தரம் துடைத்துத் துடைத்து அளந்து கூட்டினால் தொகை ஏறிவிடும். விதி தெரிந்த பனியர் பலர் உண்டு. விதிப்படி அளந்தவர் யாரென்று விசாரித்தால், ஒவ்வொருவரும் தன்னையும், 'எதிர்வீட்டுக்காரன் வேலியோரம் காற்றுக் குவித்த இடத்தில் அளந்தவன்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

5. பரபக்கம்: இடியர் கூற்று

இடியரின் தலையாய சான்று 2013 ஜூலை 8. அன்று மாலை பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி நாள் முழுவதும் பெய்து வைத்த 121.4 மில்லிமீற்றரை ஒரு சாயங்கால இடிமழை முறியடித்தது. டொன் நதியோரம் சுமார் 1,400 பேரோடு ஒரு ரயில் வெள்ளத்தில் நின்றுபோக, பொலிசார் படகில் போய் ஆட்களை இறக்கினார்கள்.

அடுத்து இடியர் ஒரு கணக்கைப் போடுவர். பத்து சென்ரிமீற்றர் பனியை உருக்கினால் பொதுவாக ஒரு சென்ரிமீற்றர் நீர். ஆகவே அந்த 126 மில்லிமீற்றர் மழை பனியாக விழுந்திருந்தால் 126 சென்ரிமீற்றர். ரொறன்ரோவில் ஒரு முழுக் குளிர்காலத்துக்கும் சராசரியாக விழுவது சுமார் 110 முதல் 120 சென்ரிமீற்றர்தான். பனியர் ஐந்து மாதம் தவம் கிடந்து பெறுவதை இடியர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பெற்றுவிட்டார்கள்.

துணைச் சான்றாக சிஎன் கோபுரம் காட்டப்படுகிறது. 553 மீற்றர் உயரமுள்ள அதன் மேல் ஆண்டுக்குச் சராசரியாக 75 தரம் மின்னல் விழுகிறது. பனிக்கு இப்படி ஒரு மேடை உண்டா என்பது இடியர் வினா. இடிக்குத் தமிழ் மரபிலும் இடமுண்டு என்பர். முழக்கம் கேட்டதும் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லும் கிழவிமார் ஸ்காபரோவில் இன்றும் உள்ளனர். பனி விழும்போது கூப்பிடுவதற்கு எந்தப் பாண்டவரும் இல்லை. உப்பு லொறிதான் உண்டு.

6. சுபக்கம்: பனியர் மறுப்பு

வந்த மழை ஓடிவிட்டது. அதுதான் குறை என்பது பனியர் விடை. மறுநாள் காலையில் இடியர் கையில் சான்று என்று ஒன்றுமில்லை, நனைந்த பேஸ்மென்ற் கம்பளத்தைத் தவிர. பனியோ தானே தனக்குச் சான்றாக மார்ச் வரை முற்றத்தில் கிடக்கும்.

பனியரின் தலையாய சான்று 1999 ஜனவரி. இரண்டு வாரத்துக்குள் நூறு சென்ரிமீற்றருக்கு மேல் விழ, மேயர் மெல் லாஸ்ற்மன் ராணுவத்தை அழைத்தார். மற்ற மாகாணத்தார் அதைச் சொல்லி இன்றைக்கும் ரொறன்ரோவைக் கேலி செய்கிறார்கள். எந்த இடிமழையாவது ராணுவத்தை வரவழைத்து, இத்தனை ஆண்டு நின்று பிடிக்கும் ஒரு பகிடியையும் தந்ததா? 2022 ஜனவரி 17 இன்னொரு சான்று. பெருந்தொற்றால் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய நாள் அது. அன்று பார்த்து விழுந்த பனியில் கார்டினர் நெடுஞ்சாலையும் மூடப்பட்டது, பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. அன்றைய தினம் பிள்ளைகள் யாவரும் பனியர். பெற்றோர் ஒருவரும் இல்லை.

பனியர் வைக்கும் மூன்றாவது வாதம் நீதி பற்றியது. இடிமழை பட்சபாதம் பார்க்கும்: பிரம்ப்டனில் ஆலங்கட்டி, ஸ்காபரோவில் நட்சத்திரம். பெரிய பனிப்புயல் எல்லார் வாசலையும் ஒன்றுபோல மூடும். இவ்வாதத்தை ஏற்கவிடாமல் தடுப்பது பஃபலோ. 2022 நவம்பரில் அதன் தெற்கேயுள்ள ஓர்ச்சட் பார்க்கில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் பனி விழுந்து, அங்கே நடக்கவிருந்த பஃபலோ பில்ஸ் ஆட்டமே டிற்றொயிற்றுக்குப் போய்விட்டது. பஃபலோ நகரின் வடபகுதிக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்கு. ஏரியின் ஈரத்தை வாங்கிக் குளிர்காற்று கொட்டும் ஏரிப்பனி ஒடுங்கிய பட்டையாக விழும். பட்டைக்கு உள்ளே வெள்ளைச் சுவர், வெளியே வெயில். அந்தச் சுவரை அக்கரையில் இருந்து ராடாரில் பார்க்கும் ரொறன்ரோப் பனியரின் நெஞ்சில் எழுவதே முன்னர் சொன்ன தரவு.

7. பொதுப் பகை

இரு தரப்பையும் தனித்தனியே விசாரித்தபோது ஒரு குற்றவாளியின் பெயர் இரு வாக்குமூலங்களிலும் வந்தது: ஒன்ராறியோ ஏரி.

ஏரிப்பனி உண்டாக, மேற்பரப்பு நீருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரக் காற்றுக்கும் இடையே குறைந்தது 13 பாகை வித்தியாசம் வேண்டும். ரொறன்ரோவில் அது அடிக்கடி கிடைக்கும். கிடைத்தென்ன? காற்று வழக்கமாக மேற்கிலிருந்து வீசுவதால் ஏரியின் ஈரமெல்லாம் நியூயோர்க் மாநிலக் கரையில் போய்க் கொட்டுகிறது. வடமேற்குக் காற்றானால் ஹியூறன் ஏரி தரும் பனியை பரி நகரமே வாங்கிக்கொள்கிறது. ஏரிக்கரையில் வீடு வாங்கியும் ஏரிப்பனி வாய்க்காத ஊர் இது. போகட்டும், தெற்கிலிருந்து வரும் பெரும்புயலாவது வாய்க்குமா என்றால், அதற்குள்ளும் ஏரி கைவைக்கும். 244 மீற்றர் வரை ஆழமான அந்த நீர் ஜனவரியிலும் முழுதாக உறைவதில்லை. கிழக்குக் காற்று அதன்மேல் வரும்போது சற்றே சூடாகிவிடும். விளைவு: 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே பனி, தெற்கே சேறு. மார்க்கத்துப் பனியர் அடிமட்டத்தைத் தேடும்போது கிங்ஸ்ரன் வீதிப் பனியர் குடையைத் தேடுவார்.

மே, ஜூனில் இதே ஏரி குளிர்ந்து கிடக்கும். கரையோரக் காற்றைக் கீழே அழுத்தி வைத்து, மேற்கிலிருந்து முழங்கிக்கொண்டு வரும் இடிமழையின் மூச்சை நிறுத்திவிடும். உள்நாட்டில் ஏரிக்காற்றின் முனை போய் முட்டும் இடத்தில் புது இடிமேகம் எழும். அதுவும் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கு வடக்கேதான். ஆகக் குளிர்காலத்தில் ஏரி போதிய அளவு குளிரவில்லை என்று பனியர் திட்டுகிறார். கோடை தொடங்கும்போது ஏரி போதிய அளவு சூடாகவில்லை என்று இடியர் திட்டுகிறார். தெய்வம் வேறானாலும் அசுரன் ஒருவனே.

இதிலிருந்து ஒரு கருத்து துணியப்படும். ஆர்வலர் வாயில் அடிக்கடி வருவது வந்த புயலன்று, தவறிய புயல். 2013 மழையை இடியர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிறார். போன கிழமை பிக்கறிங்குக்குத் திரும்பிப் போன மேகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். எது பெரிது என்ற வினாவுக்கு இரு சமயத்தாரும் ஒருமித்துத் தரும் விடை: அடுத்த ஊருக்குப் போனதே பெரிது.

8. இடிப்பனி என்னும் சிக்கல்

பனி விழும்போதே இடி முழங்குவதும் உண்டு. அபூர்வம். பனிமேகத்துக்குள் காற்று வேகமாக மேலெழும்போது மின்னேற்றம் பிரிந்து மின்னல் பிறக்கிறது. 2015 பிப்ரவரியில் மசசூசெற்ஸ் மாநிலத்துப் பிளிமத்தில் ஜிம் கன்ரோரி என்ற தொலைக்காட்சி வானிலையாளர் அதை நேரலையில் கண்டு, குழந்தைபோல் குதித்ததை உலகமே பார்த்தது. இது யாருக்குச் சொந்தம்? 'இடி இல்லாமல் இடிப்பனி ஏது' என்பர் ஒரு சாரார். 'பனி இல்லாவிட்டால் வெறும் இடிதானே' என்பர் மறு சாரார்.

நேர்ச் சாட்சியைத் தேடுவதே முறை. விழும் பனி ஒலியை உறிஞ்சுவதால் இவ்வகை முழக்கம் சில கிலோமீற்றருக்கு மேல் கேட்பதில்லை. இங்கே அப்படி முழங்கிய ஓர் இரவில் பனியர் யன்னலைச் சாத்திவிட்டுக் கணினியில் அடுத்த ஓட்டத்துக்காக இருந்தார். இடியர் நவம்பரிலேயே காதை மடித்து வைத்துவிட்டார். வெளியே நின்றவர் ஒரே ஒருவர்: விடிய ஐந்து மணி வேலைக்குப் போக வாசல் வரம்பை வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணை. எச்சமயத்தையும் சாராதவர்.

"அண்ணை, விடியப்புறம் ஒரு சத்தம் கேட்டதோ?"

"ஓம். பிளவ்காரன் எங்கையோ கொண்டுபோய் இடிச்சுப்போட்டான் எண்டு நினைச்சன். ஏன், உங்கடை காரோ?"

9. மேலாய்வுக்குரியது

இடிமழைக்கு அடியார் உண்டு, பனிப்புயலுக்கும் உண்டு. நவம்பரில் இரண்டு பாகைக் குளிரில், குடையும் பிடிக்கவொண்ணாமல் நனைந்தும் நனையாமலும் கிழமைக்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும் மழைக்கு இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. அது எந்த மாதிரியிலும் பிழைப்பதில்லை, அடுத்த ஊருக்குத் திரும்பிப் போவதில்லை, சொன்ன நாளில் சொன்னபடி வருகிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுவோர் கவனிக்க, போட்டியே இல்லை.