புளியங்கொட்டைக்கு சார்ஜ் போட வேண்டாம்லே

எலே தம்பி, இங்கன வா. திண்ணையில உக்காரு. என்னமோ பெரிய அட்டைப்பெட்டியத் தூக்கிட்டுப் போறியே, என்னலே அது? பிள்ளைக்குப் 'பேட்டர்ன் கிட்'டா? 1,499 ரூவாயா? தொற, பாப்போம். செவப்பு மணி, நீல மணி, கோக்க ஒரு கயிறு. கூடவே எப்பிடிக் கோக்கணும்னு அப்பன் ஆத்தாளுக்கு ஒரு புஸ்தகம். நாலு வயசுப் பிள்ளைக்குக் கோக்கத் தெரியும். உனக்குத்தான் தெரியாதுன்னு கடைக்காரன் சரியாக் கணக்குப் போட்டிருக்கான்.

பள்ளிக்கூடத்துக் கணக்குப் புஸ்தகத்துல இதுக்கு 'அமைப்புகள்'னு பேரு. நல்ல பேருதான். வந்ததே திரும்ப வரும், இல்லன்னா ஒரு ஒழுங்கோட வளரும். அதப் பிள்ள தானாக் கண்டுபிடிக்கணும். அம்புட்டுதான் சங்கதி.

உங்க ஆச்சி சாயங்காலம் பூக் கட்டுவாளே, பேத்தி பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுக்கும். ரெண்டு பிச்சி, ஒரு கனகாம்பரம். ரெண்டு பிச்சி, ஒரு கனகாம்பரம். கொஞ்ச நேரத்துல ஆச்சி கேக்கவே வேண்டாம், கைய நீட்டுனா சரியான பூ வந்து விழும். நீயா இருந்தா உடனே வீடியோ புடிச்சு, 'என் மக ஜீனியஸ்'னு ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்ப. பொறுலே. அடுத்தது எதுன்னு சொல்றது பாதிதான். 'இதுல திரும்பத் திரும்ப வாரது எது? அத மட்டும் பிரிச்சுக் காட்டு'ன்னு கேளு. பிள்ள மூனு பூவயும் ஒரு கொத்தாப் பிடிச்சுக் காட்டுச்சுன்னா வெவரம் புரிஞ்சுட்டுன்னு அர்த்தம். பொறவு, 'இந்தச் சரத்தக் கையால தட்டிக் காட்டு'ன்னு சொல்லு. கையத் தட்டு, தட்டு, தொடையில ஒன்னு. பூவும் அதேதான், சத்தமும் அதேதான்னு பிள்ளைக்குப் பட்டுதுன்னா, அதவிட ஒனக்கு என்னலே வேணும்?

ஆச்சி ஒரு குசும்பு பண்ணுவா. வேணும்னே மூனு பிச்சிய வச்சுக் கட்டுவா. பேத்தி போடுற சத்தத்துல தெருநாய் எந்திரிச்சு ஓடும்! பெரியவங்க தப்பக் கண்டுபிடிக்கதுல இருக்க சொகம் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

கோலத்த விட்டுட்டனே. ஏழு புள்ளி, ஒன்னு வரைக்கும், நேர்ப்புள்ளி. மேலயிருந்து எண்ணு: 1, 3, 5, 7, பொறவு 5, 3, 1. மொத்தம் 25. நுனியில 1. அடுத்த வரிசையச் சேத்தா 4. அதுக்கடுத்ததச் சேத்தா 9. நடு வரிசையோட 16. இப்பம் அத்தன புளியங்கொட்டைய எண்ணிக் குடுத்து, வரிசை வரிசையா அடுக்கச் சொல்லு. நாலும் சதுரமா நிக்கும், ஒம்போதும் நிக்கும், பதினாறும் நிக்கும். ஏன்னு அவசரப்பட்டு நீ வெளக்காத. மொதல்ல ஒனக்குத் தெரியுமா?

வாசக்கோலத்துல என்ன கணக்குன்னு சிரிக்காத. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியர் இருந்தாரு. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974லயே கோலத்துக்குக் கம்ப்யூட்டர் இலக்கணம் எழுதிட்டாங்க. படிச்சவுக வாசலப் பாத்து எழுதுனாக. நீ வாசலத் தாண்டிப் போயி பெட்டி வாங்கியிருக்க.

சரி, போன்ல ஒரு ஆப்பு வச்சிருக்கியே, அதப் பத்தியும் சொல்லணும். ஆப்பா அது, ஆப்புதான். அன்னைக்கு 2, 4ன்னு காட்டி அடுத்தது என்னன்னு கேட்டுது. பேத்தி 8ன்னு அமுக்குச்சு. 'டொய்ங்'குன்னு ஒரு சத்தம், செவப்புல ஒரு பெருக்கல் குறி. 6தான் சரியாம். பிள்ள மூஞ்சி சுண்டிப் போச்சு. ஏட்டி, எப்பிடி எட்டுன்னு கேட்டேன். 'ஒவ்வொன்னும் ரெண்டு மடங்கு ஆவுதுல்லா தாத்தா'ன்னுது. அதுல என்னலே தப்பு? ஆறும் சரி, எட்டும் சரி. ரெண்டு நாள் மழ பெஞ்சா மூனாம் நாளும் பெய்யும்னு நெல்லக் காயப் போடாம இருப்பியா? ரெண்டே நம்பரக் காட்டிட்டு மூனாவதுக்குப் பஞ்சாயத்துப் பண்ணலாமா? இன்னும் ரெண்டு நம்பரக் காட்டியிருந்தா வழக்கு கொறஞ்சிருக்கும். அந்தச் சவத்து மிசினுக்கு 'எப்பிடி?'ன்னு கேக்கத் தெரியல. நீயும் அதே மாதிரி சரி, தப்புன்னு டிக்கு அடிச்சுக்கிட்டே இருந்தா, ஒனக்குஞ் சார்ஜ் போட வேண்டியதுதான்.

நான் மட்டும் பெரிய கொம்பனான்னு கேப்ப. கேளு. நேத்து ராத்திரி கரெண்டு போச்சு. பேத்தி சிம்னி வெளக்கு வெளிச்சத்துல புளியங்கொட்டைய அடுக்குச்சு. ஒன்னு. ரெண்டு. நாலு. 'அடுத்தது எத்தன தாத்தா?'

நான் மீசையத் தடவிக்கிட்டு, 'எட்டு'ன்னேன்.

'டொய்ங்!'னுது கழுத.

'ஏட்டி, நீதானே ரெண்டு மடங்குன்ன?'

'அது அன்னைக்கு. இன்னைக்கு ஒன்னு கூட்டுனேன், பொறவு ரெண்டு கூட்டுனேன், அடுத்து மூனு. ஏழு வரும்.'

ஆச்சி இருட்டுக்குள்ள சிரிக்கா. நான் விடுவனா? 'அதுக்கடுத்தது பதினொன்னு'ன்னேன். பேத்தி வெரல மடக்கி எண்ணிப் பாத்துட்டு, எம் முன்னால ஒரு புளியங்கொட்டைய நகத்தி வச்சுது, பரிசாம்.