படம் வேண்டாம், எழுத்து போதும்

பாறசாலை ஜங்ஷனில் இன்றைக்கு எந்தக் கடையில் பிரிண்ட் கேட்டாலும் 'பிளாக்கா, கலரா' என்பார்கள். 2001 வாக்கில் அங்கே கேட்ட கேள்வி வேறு: 'படத்தோடயா, படம் இல்லாமலா?' இல்லாமல் என்றால் ஐந்து ரூபாய். படத்தோடு என்றால் கடைக்கார அண்ணன் வாய் திறக்காமல் இங்க்ஜெட் பிரிண்டரை ஒரு பார்வை பார்ப்பார். விலை அந்தப் பார்வையில் இருக்கும்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கலர் காட்ரிட்ஜில் மூன்று மையும் ஒரே டப்பாவில் அடைபட்டிருக்கும். நீலம் தீர்ந்துவிட்டால், மஞ்சளும் சிவப்பும் ததும்பிக்கொண்டிருந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். பக்கத்தின் பின்னணி நிறத்தைப் பிரவுசர் தானாகவே விட்டுவிடும். படங்களை மட்டும் விடாது. அன்றைய இணையப் பக்கங்களிலோ படத்துக்குப் பஞ்சமே இல்லை. தலைப்பில் ஒரு பட்டை, ஓரத்தில் சுழல்கிற பூமிப்பந்து, கீழே 'வேலை நடக்கிறது' என்று மண்வெட்டியோடு ஒரு ஆள். பி.எஸ்.சி. அறிவிப்பு எடுக்கப் போய் அந்த மண்வெட்டிக்காரனுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே படம் நீக்கும் வித்தையை எல்லோரும் கற்றோம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய், நீண்ட பட்டியலில் மல்டிமீடியா வரை இறங்கி, 'ஷோ பிக்சர்ஸ்' பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். பக்கத்தை மறுபடி திறந்தால் படம் இருந்த இடத்தில் காலிக் கட்டங்கள் நிற்கும். பொறுமையில்லாதவர்கள் மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிவிடுவார்கள். அப்படிச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. பக்கத்தைத் தாளின் அகலத்துக்குத் தானே சுருக்கிக்கொள்ளும் புத்தி எக்ஸ்புளோரருக்கு 2006-இல் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை வலது ஓரம் தாளுக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி கடைசிச் சொல்லைக் காணாது. வளைகுடா வேலை விளம்பரங்களில் சம்பளத்தை அந்த ஓரத்தில்தான் போடுவார்கள்.

அச்சுக்குப் போகும்போது படங்களை மறைத்துவிட, பக்கத்தை அமைப்பவரே ஏற்பாடு செய்யலாம் என்று 1998-இலேயே இணையப் பக்க வடிவமைப்பு மொழியான சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பு வழி வகுத்திருந்தது. வழி இருந்தது, எங்கள் ஜங்ஷனுக்குத்தான் அது வந்து சேரவில்லை. இதில் பெரிய வேடிக்கை, 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மலிவான ஷெல் கணக்கில் படமே கிடையாது. திரையில் வெறும் எழுத்துதான். கூடுதல் காசு கொடுத்துப் படத்தை வரவழைத்த பிறகு, அதை விரட்டுவதற்கு டிக் தேடிக்கொண்டிருந்தோம்.

என் மாமாவுக்கு வேண்டியிருந்தது திருக்குறள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லை பிரித்தபோது மாமா வீடு களியக்காவிளைப் பக்கமும் எங்கள் வீடு இஞ்சிவிளைப் பக்கமும் ஆகிப்போயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தமிழகத்துக்குப் போயின. நாங்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. எனக்குத் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்தவர், அந்தப் பக்கத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்த மாமாதான். பழந்தமிழ் நூல்களையெல்லாம் மதுரைத் திட்டம் என்று ஒன்று கணினியில் இலவசமாகத் தருகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 1998 பொங்கலுக்குத் தொடங்கிய முயற்சி அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

"படம் கிடம் ஒண்ணும் வேண்டாம் மக்கா. எழுத்து மட்டும் போதும்."

நீக்குவதற்குப் படமே இல்லாத பக்கம்! கடைக்கார அண்ணன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாள் வெளியே வந்தது. தலைப்பில் 'த' இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் என்கிற பின்னம். அதன் அருகே அமெரிக்காக்காரனின் சென்ட் குறி. தொடர்ந்து தலையில் தொப்பி வைத்த 'ஓ', 'ஐ', 'யு' என்று ஆங்கில எழுத்துகளின் ஊர்வலம். அண்ணன் தாளைத் திருப்பிப் பிடித்தார், தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எந்தரப்பி இது?"

டிஸ்கி என்னும் தமிழ்க் குறியேற்றத்தின் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். அது இருந்தால் குறள், இல்லாவிட்டால் முக்காலும் சென்ட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டேம், டேப் என்று மேலும் இரண்டு குறியேற்றங்களைக் கொடுத்தது. பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. மலையாளப் பத்திரிகைகளின் சங்கதியும் அதேதான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சில தளங்கள் தமிழையே படமாக்கி ஒட்டிவிட்டன. அங்கே போய் 'ஷோ பிக்சர்ஸ்' டிக்கை எடுத்தால் தமிழும் சேர்ந்து போய்விடும். இங்க்ஜெட்டுக்கும் முந்திய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஆங்கிலத்தைச் சரசரவென்று அடித்துத் தள்ளும். தமிழ் என்றால் அதைப் படமாகத்தான் வரையத் தெரியும். ஒரே வரிக்கு ஊசித்தலை போய்ப் போய் வரும். பாதி அத்தியாயம் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எழுத்து வேறு படம் வேறு என்பது ஆங்கிலத்துக்கு வாய்த்த சொகுசு.

எழுத்துருவை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து ஏற்றிய பிறகு அறத்துப்பால் கிடைத்தது. மாமா அதை நூலால் தைத்து வைத்துக்கொண்டார்.

எழுத்து மட்டும் போதும் என்பதற்கு எங்கள் தாலுகாவே சாட்சி சொல்லும். நெய்யாற்றின்கரையில் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, 'ஸ்வதேசாபிமானி' பத்திரிகையில் திவான் ராஜகோபாலாச்சாரியைச் சாடி எழுதினார். 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி திருவிதாங்கூர் அரசு அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடுகடத்தியது. அச்சகம் பத்திரிகையின் உரிமையாளரான வக்கம் மௌலவியுடையது. அந்தக் காலத்தில் படம் போட வேண்டுமென்றால் பிளாக் செய்தாக வேண்டும், அதற்குத் தனிச் செலவு. திவானைத் தூங்கவிடாமல் செய்ய ஈய எழுத்தே போதுமாக இருந்தது.

இப்போது அதிகாரத்தைக் கலங்கடிக்க எழுத்தால் முடியுமா தெரியவில்லை. அதிகாரம் அதைப் படித்தால்தானே? 2020 மே மாதம் இஞ்சிவிளைச் சாவடியில் கொரோனா பாஸோடு நின்றவர்களுக்குத் தெரியும். பெயர், ஊர், வண்டி எண், போகிற காரணம் எல்லாம் அதில் வரிவரியாக இருந்தன. ஜப்பானில் டென்சோ வேவ் 1994-இல் கண்டுபிடித்த கியூஆர் கட்டமும் இருந்தது. சாவடியில் இருந்தவர் போனைத் தூக்கிப் பிடித்தது கட்டத்துக்கு நேரே. உச்சத் திருத்த அளவில் அமைத்திருந்தால் அந்தக் கட்டம் முப்பது சதவீதம் அழிந்தாலும் வேலை செய்யுமாம். தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். கட்டத்துக்கு மட்டும் இவ்வளவு சலுகை! அன்று பழைய பழக்கத்தில் யாராவது 'படம் இல்லாமல்' கேட்டிருந்தால் களியக்காவிளைக்கே திரும்பி நடந்திருப்பார்கள்.

கடையை இப்போது அண்ணனின் மகள் நடத்துகிறாள். யூனிகோடு வந்து எழுத்துருச் சண்டை ஓய்ந்துவிட்டது. பயர்பாக்ஸில் ரீடர் வியூ பொத்தானை அமுக்கினால் விளம்பரமெல்லாம் போய் எழுத்து மட்டும் நிற்கும். அன்று நாங்கள் தவமிருந்து கேட்ட வரம் அதுதான். இன்று கேட்க ஆளில்லை. வருகிறவர்கள் கொண்டுவருவது வாட்ஸ்ஆப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட். நீட்டுகிறவர் போனில் டார்க் மோட் வேறு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அப்படியே அடித்தால் தாள் முழுக்க டோனரைக் குடித்துவிட்டு, தோசைக்கல்லிலிருந்து எடுத்த மாதிரி சூடாக வந்து விழும். அந்தப் பெண் முதலில் நிறத்தைத் தலைகீழாக்கிவிட்டுத்தான் பிரிண்ட் கொடுக்கிறாள். மறுத்து 'கறுப்பாவே இருக்கட்டும்' என்பவர்களுக்கு இரட்டிப்புக் கட்டணம்.

போன மாதம் மாமா வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது, போனை மட்டும் கீழே வைப்பதில்லை. தினமும் காலையில் குடும்பக் குழுவில் ஒரு குறள் போடுகிறார்: செம்பருத்தி, பின்னால் சூரியோதயம், மேலே வணக்கம், நடுவில் எங்கோ இரண்டு வரி. அதில் ஒன்றைக் கலரில் எடுத்து லேமினேட் செய்ய வேண்டுமாம். பூவின் மேலேயே குறள் ஏறி நிற்பதால் எழுத்து தெளிவாக வராது என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். வேண்டுமானால் பூவை எடுத்துவிட்டுக் குறளை மட்டும் தனியே அடித்துத் தருவதாகவும் சொன்னாள்.

"பூ நல்லா வரட்டும் மோளே," என்றார் மாமா. "எழுத்து எனக்கு மனப்பாடம்தானே."