அழுதது குழந்தை இல்லை, பெரியம்மா

ஸ்காபுறோ,
கனடா.

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போன கிழமை நான் போனில் கதைக்கும்போது பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுததாம். ஒருவருக்கும் சொல்லாமல் இங்கே குடும்பமாகிவிட்டேனோ என்று நீங்கள் அம்மாவிடம் விசாரித்தீர்களாம். அழுதது சயாமிஸ் பூனை. பூனைகளைக் குளிப்பாட்டி, உரோமம் வாரி, நகம் வெட்டி அனுப்புகிற கடையொன்றில் பகுதிநேரமாக நிற்கிறேன். அம்மாவுக்கு அழகு நிலையம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சயாமிஸுக்கு வாய் ஓயாது. சாப்பாடு பிந்தினால் ஒரு முறைப்பாடு, கதவைச் சாத்தினால் ஒரு முறைப்பாடு, நாங்கள் சமாதானம் சொன்னால் அதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு. மெலிந்த உடம்பு, நீலக் கண். முகம், காது, கால், வால் மட்டும் கடும் கபிலம். இவற்றின் குட்டிகள் பிறக்கும்போது முழு வெள்ளை. நிறத்தை உண்டாக்குகிற நொதியம் சூட்டில் வேலை செய்யாதாம்; ஆனபடியால் தாய் வயிற்றுக்குள் நிறம் ஊறாது. வெளியே வந்தபிறகு உடம்பில் குளிர்ந்த இடங்கள் எவையோ அவை மட்டும் கறுக்கும். "கனடாக் குளிருக்கு நல்ல நிறமாய் வந்திருப்பாயே" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். சயாமிஸ் குளிர் கூடக் கூடக் கறுக்கிற சாதி. நானும் அந்தப் பக்கம்தான்.

1884இல் பாங்கொக்கில் இருந்த பிரித்தானியத் தூதரக அதிகாரி ஒருவர் இங்கிலாந்தில் தன் சகோதரிக்கு இதில் ஒரு சோடியைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அந்த அம்மா பிறகு சயாமிஸ் பூனைச் சங்கமே தொடங்கிவிட்டார். ஊருக்கு வரும்போது நான் கொண்டுவரப்போவது சொக்கலேற்றுத்தான், பயப்படாதீர்கள்.

நல்ல சாதிப் பூனை வாங்கினால் கூடவே வம்சப் பத்திரமும் தருவார்கள். தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் என்று நாலைந்து தலைமுறை எழுதியிருக்கும். கலியாணப் பேச்சுக்கு நீங்கள் விசாரிக்கிறதைவிடக் கூட. ரொறன்ரோவில் பூனைக்கு நகரசபை லைசென்சும் எடுக்கவேண்டும். கார் லைசென்ஸ் இன்னும் கைக்கு வராத எனக்கு இதை எழுதவே கூச்சமாயிருக்கிறது.

பேர்சியன் பூனைகள் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் அவை அதிகம் ஒன்றும் செய்வதில்லை. தட்டை முகம், ஓயாமல் கசிகிற கண், அடர்த்தியாய் உரோமம். வாராமல் விட்டால் சடை பிடித்துவிடும். என் சம்பளத்தில் பாதி அந்தச் சடையிலிருந்து வருகிறபடியால் குறை சொல்லமாட்டேன்.

மெயின் கூன் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துச் சரக்கு. 1985இலிருந்து அந்த மாநிலத்தின் பூனை என்ற பட்டமும் அதற்கு உண்டு. கடுவன் எட்டுக் கிலோவுக்கும் வரும். மூன்று நாலு வயது மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ஸ்ரூவி என்ற ஒரு கடுவன் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 123 சென்ரிமீற்றர் இருந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இது பூனைக்கும் றக்கூனுக்கும் பிறந்தது என்று ஒரு பழங்கதை. றக்கூன் என்பது இங்கே இராவில் குப்பைத்தொட்டி கிளறுகிற பிராணி. இரண்டுக்கும் குட்டி பிறக்க வழியே இல்லை. கதை எப்படியும் போகட்டும். முதலில் அதன் காதுக் குஞ்சத்தையும் பாதத்தின் அகலத்தையும் கண்டு தடித்த கையுறை தேடினேன். அது என் தோளில் தலையைச் சாய்த்துக் "கிரீச்" என்றது. அந்த உடம்புக்கு அவ்வளவுதான் குரல். நகம் வெட்டி முடியுமட்டும் அசையவில்லை.

பெங்கால் இதற்கு மறுபக்கம். ஜீன் மில் என்ற கலிபோர்னியப் பெண்மணி, ஆசியக் காடுகளில் திரிகிற சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து வளர்த்தெடுத்த இனம் இது. முதல் தலைமுறைக் கடுவனுக்குக் குட்டி பிறக்காது, குணமும் காட்டுக்குணம். நாலு தலைமுறை தள்ளித்தான் வீட்டுக்கு ஆகும். நாலு போதாது என்பது என் அபிப்பிராயம். அலுமாரி திறக்கும், பைப்பைத் திருகும், கூரைக்கும் தட்டுக்கும் இடையில் எங்கோ இருந்து குதிக்கும். ஆனால் தண்ணீருக்குப் பயமில்லை. எங்கள் கடையில் தானாகத் தொட்டிக்குள் இறங்குகிற வாடிக்கையாளர் இது ஒன்றுதான்.

ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் பற்றிச் சிரிப்பாக எழுத எனக்கு வராது. 1961இல் ஸ்கொட்லாந்தில் ஒரு பண்ணையில் சூசி என்ற பூனையின் காது முன்னால் மடிந்திருப்பதை வில்லியம் ரொஸ் என்ற இடையர் கண்டார். இன்றுள்ளவை எல்லாம் அவளின் வழி. வட்டத் தலை, மடிந்த காது, பெரிய கண், சாதுவான குணம். பார்க்கிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு வடிவு" என்று படம் எடுப்பார்கள். காதை மடிக்கிற அதே குறை உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைப் பழுதாக்கும். வாலும் முழங்காலும் விறைத்து நோகும். பிரித்தானியப் பூனைச் சங்கம் இதைப் பதிவு செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் இனப்பெருக்கம் செய்யவே தடை. பின்னங்காலைத் தொட்டுக் கழுவும்போது அது சத்தம் போடாமல் என்னைப் பார்க்கும். அந்த வடிவுக்குக் காசு கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். பிறகு அவர்கள் வந்து அதைத் தூக்கிக் கொஞ்சுகிறதைக் கண்டால் என்ன சொல்வதென்று தெரியாது.

கடைசியாக எங்கள் ஊர்க்காரர். ரொறன்ரோவைத்தான் சொல்கிறேன். 1966இல் இங்கே ஒரு சாதாரண வீட்டுப்பூனை போட்ட குட்டிகளில் ஒன்று மொட்டையாக வந்தது. அதைக் கொண்டுதான் ஸ்பிங்ஸ் இனம் தொடங்கியது. அந்த வம்சம் நிலைக்கவில்லை; பிறகு வேறு மொட்டைக் குட்டிகள் பிறந்து கதையைத் தொடர்ந்தன. நெற்றி நிறையச் சுருக்கம், பெரிய காது, மீசைகூடச் சரியாக இல்லை. இராவில் நீங்கள் கண்டால் திருநீறு தேடுவீர்கள். எங்களிடம் வருகிற ஒன்றை நான் சாத்திரியார் என்று கூப்பிடுகிறேன். சொந்தக்காரிக்கு அர்த்தம் தெரியாது. மடியில் ஏறினால் ஒத்தடப் பை வைத்த மாதிரி ஒரு சூடு. உடம்புச் சூடு சும்மா வெளியே போகிறபடியால் சாப்பாடும் கூட. தோலில் ஊறுகிற எண்ணெயை உறிஞ்ச உரோமம் இல்லை. கிழமைக்கு ஒருக்கால் குளிப்பாட்டாவிட்டால் சோபா முழுக்கக் கறை. பூனை ஒவ்வாமை உள்ள சிலர் இதென்றால் தும்மல் வராது என்று நம்பி வாங்குகிறார்கள். தும்மலுக்குக் காரணமான புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது. மொட்டை என்றாலும் தும்மல் வரும். ஆனால் குணத்தில் இவரை வெல்ல ஆளில்லை. நான் எங்கே நின்றாலும் பின்னாலே வருவார். புது ஆட்கள் வந்தாலும் ஒளிக்கமாட்டார், போய் விசாரிப்பார்.

பாவம், குளிர்தான் தாங்கமாட்டார். இங்கே விற்கிற பூனைச் சட்டைகளின் தையலைக் கண்டால் நீங்கள் கையால் தொடமாட்டீர்கள். விலையைக் கேட்டால் பெரியப்பா ஒரு நாள் சாப்பிடமாட்டார். உங்கள் தையல் மெஷின் சும்மாதானே கிடக்கிறது. சொந்தக்காரியிடம் பேசிவிட்டேன், முதல் தவணையாக ஆறு சட்டை. கழுத்து 24 சென்ரிமீற்றர், நெஞ்சு 36, முதுகு நீளம் 32. கை நாலு. மெல்லிய பருத்தித் துணியாகப் பாருங்கள், உள்பக்கம் மடிப்புத் தையல் உரசக்கூடாது. பொத்தான் வேண்டாம், கடித்து விழுங்கிவிடுவார். வாலுக்குத் தாராளமாக ஓட்டை விடவும்.

அன்புடன்,
உங்கள் மகன்