முப்பது சதவீத விரதம்

மின்சார சைக்கிளின் பேட்டரிக்கு விமானம் ஏறும் ஆசை வந்தால் முதலில் விரதம் இருக்க வேண்டும். சரக்கு விமானத்தில் தனியாகப் போகும் லித்தியம்-அயான் பேட்டரியில் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பயணிகள் விமானத்தில் அதைச் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை. லேப்டாப் பேட்டரி 100 வாட்-மணிக்குள் அடங்குவதால் கைப்பையில் ஜம்மென்று உட்கார்ந்து வரும். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி சைக்கிள் பேட்டரியோ 504. விமான நிறுவனமே மனமிரங்கினாலும் 160-க்கு மேல் பேச்சு கிடையாது.

அதற்கும் முன்பே, அந்த ரகம் ஐ.நா.வின் 38.3 சோதனைகளில் தேறியிருக்க வேண்டும். 72 டிகிரியில் வாட்டி, மைனஸ் 40-இல் விறைக்க வைத்து, குலுக்கி, அதிர வைத்து, ஷார்ட் சர்க்யூட்டும் செய்து பார்ப்பார்கள். பெட்டியின் மேல் ஒன்பதாம் வகுப்பு அபாயச் சின்னம், யு.என். 3480 என்ற எண், கூடவே படிவங்கள்.

இத்தனைக்கும் சிலர் கண்டுபிடித்த குறுக்குவழி, பெட்டிமேல் ‘சைக்கிள் உதிரி பாகம்’ என்று எழுதிவிடுவது. பொய் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள்! 2010-இல் துபாயிலிருந்து கிளம்பிய சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதில் அபாயச் சரக்கென்று அறிவிக்காத லித்தியம் பேட்டரிகளும் இருந்தன.

பழுதாகி உப்பிய பேட்டரிக்கு ஆகாய மார்க்கமே அடைப்பு. “லேசாத்தான் சார் உப்பியிருக்கு” என்பதற்குப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.