பத்துப் புள்ளிக் குற்றம்

1982 ஏப்ரல் 8. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆய்வகம். சட்டென்று குளிரவைத்த அலுமினிய - மாங்கனீசுக் கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார் இஸ்ரேல்காரர் டான் ஷெக்ட்மன். அணுக்களில் பட்டுச் சிதறிய எலக்ட்ரான்கள் வட்டமாகப் பத்துப் புள்ளிகள் போட்டிருந்தன. எண்ணினார். மறுபடி எண்ணினார். பத்தேதான்.

படிகவியல் சட்டப்படி இது குற்றம். படிகத்தில் அணுக்கள் ஒரே வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் எத்தனை தடவை அதே தோற்றம் வருகிறதோ, அத்தனை மடங்குச் சமச்சீர்; அதில் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு மடங்குக்கு மட்டுமே அனுமதி. தரைக்கு ஓடு பதிக்கிற கொத்தனாரிடம் சதுரம் கொடுங்கள், அறுகோணம் கொடுங்கள், பதித்துவிடுவார். சீரான ஐங்கோணத்தைக் கொடுத்தால், இடுக்கு விழும் சார் என்று கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். ஐந்துக்கே இடமில்லாத ஊரில் பத்து எப்படிக் குடியேறும்?

ஷெக்ட்மன் குறிப்பேட்டில் பத்து மடங்கு என்று எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டுவைத்தார். குழுத் தலைவர் ஒரு பாடப்புத்தகத்தை நீட்டி, படித்துப் பார்க்கச் சொன்னார். ஊரில் அதைத்தான் பாடமாக நடத்துகிறேன் என்றார் இவர். குழுவுக்கே அவமானம், வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தது. புள்ளியை எண்ணுவதைவிட ஆளை மாற்றுவது சுலபம் அல்லவா!

முதல் கட்டுரை போன வேகத்தில் திரும்பி வந்தது. 1984 நவம்பரில், மூன்று பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒருவழியாக வெளியிட்டார். அப்போதுதான் பெரியவர் களமிறங்கினார். லைனஸ் பாலிங்: வேதியியலுக்கு ஒரு நோபல், சமாதானத்துக்கு ஒரு நோபல். இரண்டாவதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்தார் போலிருக்கிறது. இந்தப் புதுவகைப் படிகத்துக்கு வைத்த பெயர் குவாசி கிரிஸ்டல், அதாவது படிகம் மாதிரி. குவாசி கிரிஸ்டல் என்று ஒன்று கிடையாது, குவாசி விஞ்ஞானிகள்தான் உண்டு என்று போட்டுத் தாக்கினார். சாதாரணப் படிகங்கள் பல ஒட்டிப்பிறந்து கண்ணை ஏமாற்றுகின்றன என்பது அவர் கட்சி. வைட்டமின் சி பற்றித் தான் சொல்வதை மருத்துவர்கள் காதில் வாங்குவதில்லை என்று குறைப்பட்டவரும் இதே பெரியவர்தான்.

மற்றப் படிகவியல்காரர்கள் பரவாயில்லை. எலக்ட்ரான் சாட்சி செல்லாது, எக்ஸ்-கதிர்ப் படம் கொண்டு வா என்றார்கள். முரண்டுதான், ஆனால் நியாயமான முரண்டு; என்ன காட்டினால் ஒப்புக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்களே. 1987இல் பிரான்சிலும் ஜப்பானிலும் அதற்குத் தக்க பெரிய படிகங்களை வளர்த்துவிட்டார்கள். எக்ஸ்-கதிரும் அதே கதையைச் சொன்னது. பெரும்பாலோர் கட்சி மாறினார்கள். என்ன காட்டினாலும் ஒப்பாத பாலிங் மட்டும் 1994இல் கண்மூடும்வரை அசையவில்லை.

1992இல் சர்வதேசப் படிகவியல் சங்கம் படிகத்தின் வரையறையையே திருத்தியது. யாரும் தோப்புக்கரணம் போடவில்லை. விஞ்ஞானத்தில் மன்னிப்பு திருத்திய பதிப்பாகத்தான் வரும். 2011இல் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல், பங்காளி இல்லாமல் முழுசாக.

ஆனாலும் நோபல் கணக்கில் பாலிங்தான் இன்றைக்கும் இரண்டுக்கு ஒன்று முன்னிலை.