இந்தியரும் பிறரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்துவிடுவதால், அங்குக் குடியேறும் இளங்குடும்பத்துக்குப் பழக்கச் சிக்கல் எதுவும் இராது என்று ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிப் பெரியவர்கள் கருதுவதுண்டு. சிக்கல் தொலைவில் இல்லை, படிவத்தில் இருக்கிறது. கோயிலை ஒன்றன்பின் ஒன்றாகச் சூழ்ந்த மதில்களும் வீதிகளுமாகிய ஏழு திருச்சுற்றுகளுக்குள், யார் எங்கே குடியிருப்பார் என்பதை நெடுங்காலம் வழக்கமே தீர்மானித்த ஊரிலிருந்து சென்றவர்கள், நிரந்தரவாசம் பெற்று வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்ககத்தில் வீடு வாங்க முற்படுகையில், 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, அதாவது ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு வரை வாழலாம் என்று அரசே வகுத்த கணக்கின்படி, ‘இந்தியரும் பிறரும்’ என்னும் ஒரே பிரிவில் அடங்கிவிடுகின்றனர்; வைணவ உட்பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் அங்குத் தனிக் கட்டம் இல்லை.

பிள்ளையின் கல்வி இதனினும் நுட்பமானது. திருச்சியிலேயே வளர்ந்திருந்தால் மதிப்பெண் கருதிப் பிரெஞ்சு எடுக்க வைக்கப்பட்டிருக்கக்கூடிய குழந்தை, தமிழை நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டின் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் பயில்கிறது. அதன் இலக்கண ஐயங்கள், இரண்டரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தோடு ஸ்ரீரங்கத்தில் காத்திருக்கும் பாட்டியிடம் காணொளி அழைப்பில் வந்துசேர, அவர் பேரனுக்காகவே முயன்று பழகிக்கொண்ட ஆங்கிலத்தில் விடையளிக்கிறார்.